நவம்பர் 1 முதல் 8 வரை: அப்பாவுக்காகப் பரிபூரணப் பலன் தேடிய அனுபவம்

கல்லறைத் திருநாள் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. நவம்பர் 2 வருவதற்குள் கல்லறைக்கு வெள்ளை அடித்து, அன்று சாயங்காலம் சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் (குரு) கல்லறையை மந்திரித்துவிட்டு, அதாவது ஆசீர்வதித்துவிட்டு, போகும்வரை நிற்போம். அந்த நாளைச் சுற்றி நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் செபித்தால், இறந்தவர்களுக்குப் பரிபூரணப் பலனை, அதாவது பாவத்தின் மீதித் தண்டனை முழுவதையும் தீர்க்கும் உதவியை, ஒப்புக்கொடுக்கலாம் என்று பூசை முடிவில் அறிவிப்பும் வரும். அதைக் கேட்டிருக்கிறோமே தவிர, அதற்கு என்னென்ன வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

அப்பா ஓர் அக்டோபர் மாதத் தொடக்கத்தில் இறந்தார். முப்பதாம் நாள் நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. குவைத்திலிருந்து வந்திருந்த தம்பி அதுவரை இருப்பதாகச் சொன்னான். நானும் மதுரையிலிருந்து லீவு போட்டுவிட்டு ஊரில் தங்கினேன். அம்மா ஒரே பிடிவாதமாக இருந்தார்: "எட்டு நாளும் கல்லறைக்குப் போவணும் பிள்ள. அப்பாவுக்கு நம்மளவிட்டா யாரு இருக்கா?" போவது மட்டும் போதாது, நிபந்தனைகள் இருக்கின்றன என்று நான் சொன்னதும், "அப்ப அதையும் சரியா செய்வோம்" என்றார். அப்படிச் செய்யப் போனதில் தெரிந்துகொண்டவற்றை, இந்த வருடம் வீட்டில் ஒருவரை இழந்தவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் கேள்வியைத் தம்பிதான் கேட்டான். "பாவசங்கீர்த்தனத்துல பாவம் எல்லாம் மன்னிக்கப்படுதுல்ல அக்கா? அப்புறம் இன்னும் எதுக்கு ஒரு பலன்?" நியாயமான கேள்வி. திருச்சபை சொல்வது இது: பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தில், குற்றம் மன்னிக்கப்படுகிறது, கடவுளோடு உறவு திரும்பக் கிடைக்கிறது. ஆனால் பாவம் நமக்குள்ளும் மற்றவர்களிடத்திலும் விட்டுப்போன சேதம் அந்த நொடியிலேயே சரியாகிவிடுவதில்லை. கால் எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு எலும்பு ஒட்டிய பிறகும் பழையபடி நடக்க மாதங்கள் ஆகின்றன அல்லவா, அதுபோல. அந்த மீதியைத்தான் தற்காலிகத் தண்டனை என்கிறார்கள். அதை இந்த வாழ்க்கையில் செபத்தாலும் தவத்தாலும் அன்புச் செயல்களாலும் தீர்க்கலாம். தீராதது, மோட்சத்துக்கு முன் ஆன்மாக்கள் இருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மையாகும். கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்துவைத்த ஞானச் செல்வத்திலிருந்து திருச்சபை எடுத்துக் கொடுக்கும் உதவிதான் பலன். எல்லாவற்றையும் தீர்ப்பது பரிபூரணப் பலன், ஒரு பகுதியைத் தீர்ப்பது அரைகுறைப் பலன். நமக்காகவோ இறந்தவர்களுக்காகவோ பெறலாம். உயிரோடு இருக்கும் இன்னொருவருக்காக வாங்கிக் கொடுக்க முடியாது. "அப்ப எனக்காக நீ போக முடியாது" என்று தம்பி சிரித்தான். முடியாதுதான்.

நிபந்தனைகள் இவை. சொல்லப்பட்ட செயலைச் செய்ய வேண்டும். நவம்பர் முதல் எட்டு நாட்களில் அது கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மனத்துக்குள்ளாவது இறந்தவர்களுக்காகச் செபிப்பது. அதோடு பாவசங்கீர்த்தனம், பூசையில் கொடுக்கும் அப்பமாகிய நற்கருணையை வாங்குவது, திருத்தந்தையின் (போப்பின்) கருத்துகளுக்காகச் செபிப்பது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அற்பப் பாவம் (சிறு பாவம்) உட்பட எந்தப் பாவத்தின்மீதும் பற்று இல்லாத மனம். இந்தக் கடைசி நிபந்தனையைப் பெரும்பாலான அறிவிப்புகளில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி: ஒருமுறை செய்தால் பல நாட்களுக்குப் போதும். ஒவ்வொரு நாளும் பலன் பெற ஒவ்வொரு நாளும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. அந்தச் செயலுக்கு முன்போ பின்போ ஏறக்குறைய 20 நாட்களுக்குள் இருக்கலாம் என்று 2000 ஆம் ஆண்டு யூபிலி என்னும் விசேஷப் புனித ஆண்டின்போது வத்திக்கானிலுள்ள பாவமன்னிப்பு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடையில் சாவான பாவம், அதாவது தெரிந்தே மனமாரச் செய்யும் கனமான பாவம், செய்யாதிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அக்டோபர் கடைசி வாரத்திலேயே முடித்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. நவம்பர் 1, 2 தேதிகளில் சாமியார்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரே குரு மூன்று நான்கு ஊர்க் கல்லறைகளை மந்திரிக்க ஓடிக்கொண்டிருப்பார். வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, பல வருட மனப்பாரத்தை இறக்கிவைக்க யாருக்கும் மனம் வராது.

தம்பி விஷயத்தில் இதை நேரில் பார்த்தேன். அப்பாவின் அடக்கப் பூசையில் எல்லோரும் நற்கருணைக்கு எழுந்தபோது அவன் எழவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பிறகு அவனே சொன்னான்: "ரொம்ப வருஷம் ஆச்சுக்கா. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. அந்தச் செபமெல்லாம் மறந்துபோச்சு." செபம் மறந்துபோனது என்ற வெட்கத்தாலேயே விலகி நிற்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். போய் உட்கார்ந்து, "ஃபாதர், ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கேன், எப்படிச் சொல்றதுன்னு மறந்துபோச்சு, உதவி செய்யுங்க" என்று சொன்னால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். உத்தம மனஸ்தாபச் செபம் மனப்பாடமாக வராவிட்டால், செய்ததற்காக வருந்துகிறேன், இனிச் செய்யாதிருக்க முயல்வேன் என்று சொந்த வார்த்தையில் கடவுளிடம் சொல்லலாம்.

அவனோடு உட்கார்ந்து தயாரித்ததில் சில விஷயங்கள் உதவின. பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு யோசித்தான். சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும். சரியான எண்ணிக்கை நினைவில்லை என்றால் "மாசத்துக்கு ஒரு தடவை இருக்கும்", "அந்த ரெண்டு வருஷம் முழுக்க" என்று சொன்னால் போதும். கதை சொல்ல வேண்டியதில்லை, கூடவே இருந்தவர்களின் பெயரைச் சொல்லவே கூடாது. உண்மையிலேயே மறந்துபோன பாவம் மற்றவற்றோடு மன்னிக்கப்படுகிறது. பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் சரி. வெட்கப்பட்டு வேண்டுமென்றே மறைப்பதுதான் முழுப் பாவசங்கீர்த்தனத்தையும் பயனற்றதாக்கும். சொந்த ஊர்ச் சாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு எந்தக் குருவிடமும் போகலாம். அவன் பக்கத்து டவுனுக்குப் போனான். எந்தக் குருவும் கேட்டதை வெளியே சொல்ல முடியாது. அந்த இரகசியத்தை நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாக்கப்படுகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் உரோமைக்கு மட்டுமே உண்டு.

போய்விட்டு வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு, அம்மாவிடம் சோறு போடச் சொன்னான். முப்பதாம் நாள் பூசையில் அம்மாவுக்கு முன்னால் நற்கருணை வரிசையில் நின்றான். அம்மா அழுததை நான் பார்த்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருமண விஷயத்தில் சிக்கல் இருப்பதால் பாவமன்னிப்புப் பெற முடியாமல் இருப்பவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பரிபூரணப் பலனின் நிபந்தனைகளைக் கேட்டதும் "இது நமக்கில்லை" என்று கல்லறைக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விலகாதீர்கள். அப்பாவுக்காகவோ அம்மாவுக்காகவோ செபிக்கவும் பூசை ஒப்புக்கொடுக்கவும் யாரும் தடை சொல்லவில்லை. பங்குச் சாமியாரிடம் ஒருநாள் தனியாகப் போய்ப் பேசுங்கள். நாம் நினைப்பதைவிட அதிகமான வழிகள் திருச்சபையில் உண்டு.

அடுத்தது நற்கருணை. பாவசங்கீர்த்தனம் போல இது ஒன்றே பலவற்றுக்கும் போதாது. ஒவ்வொரு பரிபூரணப் பலனுக்கும் தனியாக ஒரு நற்கருணை, தனியாகத் திருத்தந்தைக்கான செபம். ஒரு நாளைக்கு ஒரு பரிபூரணப் பலன்தான் பெற முடியும். 2025 யூபிலி ஆண்டில் மட்டும் ஒரு விசேஷ சலுகை இருந்தது: இறந்தவர்களுக்காக ஒன்று பெற்றவர், அதே நாளில் இன்னொரு பூசையில் இரண்டாம் முறை நற்கருணை வாங்கி இரண்டாவதும் பெறலாம், அதுவும் இறந்தவர்களுக்கே. அந்த யூபிலி 2026 ஜனவரி 6 அன்று முடிந்துவிட்டது.

எங்களுக்கு இருந்த சிக்கல், எங்கள் ஊர் தனக்கென்று சாமியார் உள்ள தனிப் பங்கு இல்லை. வார நாட்களில் எல்லா நாளும் பூசை கிடையாது. கல்லறைக்குப் போகும் அதே நாளில் நற்கருணை வாங்குவது நல்லது என்கிறார்கள், ஆனால் கட்டாயமில்லை. சில நாள் முன்போ பின்போ இருக்கலாம். அதனால் பூசை இருந்த நாட்களில் ஊரிலேயே வாங்கினோம், மற்ற நாட்களுக்குக் காலை பஸ் பிடித்துப் பங்குக் கோயிலுக்குப் போனோம். மழை கொட்டிய ஒரு நாள் போக முடியவில்லை. அதற்கு ஈடாக அடுத்த வாரத்தில் ஒரு பூசைக்குப் போனோம். அம்மா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு, கல்லறைக்கு ஒரு சிலுவை, நற்கருணைக்கு ஒரு சிலுவை என்று குறித்துவந்தார்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் மாத்திரை போட்டதும் ஏதாவது சாப்பிட வேண்டும். "சாப்பிட்டுட்டு நன்ம வாங்கக் கூடாதே" என்று பயந்து, மாத்திரையையே தள்ளிப்போடப் பார்த்தார். அவர் பாட்டி காலத்தில் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் பூசைக்குப் போனதைக் கேட்டு வளர்ந்தவர். அந்தச் சட்டம் எப்போதோ மாறிவிட்டது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953 இல் தண்ணீரை அனுமதித்தார், 1957 இல் நோன்பை மூன்று மணி நேரமாக்கினார். 1964 இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். இன்று நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் நோன்பு, தண்ணீரும் மருந்தும் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம். வயதானவர்களும் நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். இது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதை உரக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு நின்று பூசையில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருத்தந்தைக்கான செபத்தில் சிக்கலே இல்லை. அவர் மனத்தில் வைத்திருக்கும் கருத்துகளுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறைந்த மரியேவும் போதும். விரும்பினால் வேறு செபமும் சொல்லலாம். கல்லறைத் தோட்டத்திலிருந்து கிளம்பும்போது அம்மா இதைச் சொல்லி முடிப்பார்.

இனி அந்தக் கடைசி நிபந்தனை. எந்தப் பாவத்தின்மீதும் பற்றில்லாத மனம் என்று படித்துக் காட்டியதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். அப்பாவோடு பிறந்தவர் ஒருவர் வீட்டு மனை விஷயமாகக் கேஸ் போட்டவர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வரவில்லை, அடக்கத்துக்கும் வரவில்லை. "அவன மனசுல வச்சுக்கிட்டு நான் எட்டு நாள் இல்ல, எட்டு வருஷம் போனாலும் ஒண்ணும் கிடைக்காது" என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். அன்று பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு, கோயில் வாசலிலேயே சாமியாரை மறித்துக் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"அவன நெனச்சாலே வயிறு எரியுது சாமி. எனக்குப் பலன் கெடைக்குமா?"

சாமியார் அவசரப்படவில்லை. "அவருக்குக் கெட்டது நடக்கணும்னு வேண்டிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்ல சாமி. அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு."

"அவர் உங்க வாசல்ல வந்து தண்ணி கேட்டா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "குடுப்பேன். ஆனா மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்."

"சரிம்மா. வயிறு எரியிறது உங்க கையில இல்ல. அது பாவமும் இல்ல. அந்த எரிச்சல நானே தூக்கி வச்சு வளர்ப்பேன், இத மட்டும் விட மாட்டேன்னு சொல்றீங்களா, இல்ல ஆண்டவரே இதையும் எடுத்துக்கோன்னு சொல்றீங்களா, அதுதான் கேள்வி. தினம் அவர் பேரச் சொல்லி ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. சொல்லும்போது எரிஞ்சாலும் பரவாயில்ல, சொல்லுங்க."

கேஸை எதிர்த்து நடத்துவதை விட்டுவிட வேண்டுமா என்று நான் கேட்டேன். அதற்கு அவசியமில்லை, நியாயமாக உங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்பது வேறு, பழிவாங்க நினைப்பது வேறு என்றார்.

பற்றில்லாத மனம் என்றால் பாவமே செய்யாத மனம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியென்றால் புனிதர்களைத் தவிர யாருக்கும் கிடைக்காது. நாளைக்கே திரும்பக் கோபம் வரலாம், நாக்கு தவறலாம். ஆனால் இன்று, இதை மட்டும் எனக்கு விட்டுவையும் என்று ஆண்டவரிடம் எதையும் ஒதுக்கிவைக்காமல் நிற்பதுதான் கேட்கப்படுகிறது. சுலபம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் புறணி பேசுவது, ஆபீசில் சின்னப் பொய் சொல்வது என்று, தப்பு எனத் தெரிந்தும் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் சின்னச் சின்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்த மனம் முழுதாக அமையாவிட்டாலும் செய்தது வீணாவதில்லை, அரைகுறைப் பலனாவது கிடைக்கும். என்னைக் கேட்டால், முழுப் பலனின் மிகப் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. இறந்தவருக்கு ஏதாவது செய்யலாம் என்று கிளம்புகிற நம்மை, உயிரோடு இருப்பவர்களோடு ஒப்புரவாக வைக்கிறது.

அந்த எட்டு நாட்களில் அம்மா அப்பாவின் கல்லறையில் செபித்துவிட்டு, கொஞ்சம் தள்ளியிருக்கும் மாமனார் மாமியார் கல்லறைக்கும் போவார். அங்கே நின்று அந்தக் கொழுந்தனின் பெயரைச் சொல்லி ஓர் அருள் நிறைந்த மரியே சொல்வார். சத்தமாக, எங்களுக்கும் கேட்கும்படி. முதல் நாட்களில் அந்தப் பெயர் வரும்போது குரல் இறுகியது.

கல்லறையில் என்ன செபம் சொல்ல வேண்டும் என்பதற்குக் கட்டாயமான வாய்பாடு எதுவும் கிடையாது. நாங்கள் 'நித்திய இளைப்பாற்றி' செபமும், நேரம் இருந்தால் செபமாலையில் ஒரு பத்து மணியும் சொன்னோம். நவம்பரில் எங்கள் பக்கம் மழை. பாதை முழுக்கச் சேறு. மூட்டு வலிக்காரர்களை வெளிச்சம் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போவது நல்லது. கல்லறைக்கே போக முடியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். நவம்பர் 2 அன்று கோயிலுக்குப் போய் ஒரு பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொல்லி, அதே நிபந்தனைகளோடு இறந்தவர்களுக்காகப் பரிபூரணப் பலன் பெறலாம். கொரோனா வந்த 2020 இல் எட்டு நாள் என்பதை நவம்பர் மாதம் முழுவதுக்கும் நீட்டித்தார்கள். படுக்கையில் இருந்தவர்கள் வீட்டிலிருந்தே செபித்து, முடிகிறபோது மற்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் போதும் என்றும் அனுமதித்தார்கள்.

அம்மா தன் பாட்டியைப் பற்றி ஒன்று சொன்னார். கல்லறைத் திருநாளில் பாட்டி கோயிலுக்குள் போய்ச் செபித்துவிட்டு வெளியே வருவாராம், உடனே திரும்ப உள்ளே போவாராம். போகும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆன்மா மோட்சம் போகும் என்று சொல்வாராம். அது பாட்டியின் கற்பனை இல்லை; எத்தனை முறை கோயிலைச் சந்தித்தாலும் அத்தனை முறையும் பலன் என்று அந்தக் காலத்தில் உண்மையிலேயே அனுமதி இருந்தது. பழைய செபப் புத்தகங்களில் செபத்துக்கு அடியில் '300 நாள் பலன்' என்று அச்சிட்டிருப்பார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் அத்தனை நாள் குறையும் என்று பலரும் நினைத்தார்கள். ஆதித் திருச்சபையில் அத்தனை நாள் செய்த தவத்துக்கு ஈடான பலன் என்பதுதான் அதன் பொருள். 1967 ஜனவரி 1 அன்று ஆறாம் பவுல் இதையெல்லாம் மாற்றினார். நாள் கணக்கு போயிற்று. பரிபூரணம், அரைகுறை என்ற இரண்டு மட்டும் நின்றன. பரிபூரணப் பலன் நாளைக்கு ஒன்று என்றானது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. எண்ணிக்கையில் இருந்த கவனம் மனத்தின் பக்கம் திரும்புகிறது.

என்னோடு வேலை செய்யும், சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த சிநேகிதி ஒருத்தி, "இது காசு குடுத்து வாங்குறதுதானே, லூத்தர் எதிர்த்தது?" என்று கேட்டாள். 1517 இல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்தபோது பலன்களைச் சொல்லிப் பணம் திரட்டுவது நடந்தது உண்மை. அந்த முறைகேட்டை, ஆயர்களின் பொதுக் கூட்டமான திரெந்து சங்கம் கண்டித்தது. 1567 இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் பணத்தோடு சம்பந்தப்பட்ட பலன்கள் அனைத்தையும் இரத்துசெய்தார். இன்று பலனுக்கு ஒரு பைசா கிடையாது. பூசைக் கருத்துக்கு நாம் கொடுக்கும் காணிக்கை இதோடு சம்பந்தமில்லாதது. யாராவது பலனுக்கென்று பணம் கேட்டால், கொடுக்க வேண்டாம்.

அம்மாவுக்கு ஒரு நிச்சயம் வேண்டியிருந்தது. "அப்ப அப்பா போயிட்டாரா?" என்று கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது. இறந்தவர்களுக்காகப் பலனை நாம் வேண்டுதலாகத்தான் ஒப்புக்கொடுக்கிறோம். அதை எப்படி, யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்பது கடவுளின் கையில். அப்பாவுக்குத் தேவையில்லை என்றால் தேவைப்படுகிற வேறு ஆன்மாவுக்குப் போய்ச் சேரும் என்று நான் சொன்னதை அம்மா உடனே ஏற்றுக்கொண்டார். "யாருமில்லாத ஆத்துமாவுக்குப் போகட்டும், அப்பா சந்தோஷப்படுவாரு."

அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் பல குடும்பங்கள் இழந்துவிடுகின்றன. டாக்டர்கள் கைவிரித்ததும் சாமியாரைக் கூப்பிடலாம் என்றோம். "சாமியாரப் பாத்தா பயந்துருவாரு, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்று உறவினர்கள் தடுத்தார்கள். அம்மாதான் கேட்கவில்லை. அப்பாவுக்கு நினைவு இருக்கும்போதே சாமியார் வந்தார். எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்டார், பிறகு நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அவஸ்தைப்பூசுதல், நற்கருணை. கடைசியில் திருத்தந்தையின் பெயரால் கொடுக்கும் அப்போஸ்தலிக்க ஆசீர். அந்த ஆசீரோடு மரண நேரத்துக்கான பரிபூரணப் பலன் வருகிறது. அவசரத்தில் அது விடுபடலாம், ஆகவே நீங்களே கேளுங்கள். குருவே கிடைக்காத நிலையிலும், வாழ்நாளில் ஏதாவது செபம் வழக்கமாகச் சொல்லிவந்தவர் நல்ல மனநிலையோடு இறந்தால் அந்த நேரத்தில் திருச்சபை அவருக்குப் பரிபூரணப் பலனைக் கொடுக்கிறது. வழக்கமான நிபந்தனைகளைக்கூடக் கேட்பதில்லை. அன்று சாயங்காலம் அப்பா சிலுவையைக் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டார். பயந்ததாகத் தெரியவில்லை.

நவம்பர் முடிந்தாலும் பலனுக்கு வழி அடைபடுவதில்லை. கோயிலிலோ குடும்பமாகவோ சேர்ந்து செபமாலை சொல்வது, அரை மணி நேரம் நற்கருணை ஆராதனையில் இருப்பது, அரை மணி நேரம் பக்தியோடு விவிலியம் வாசிப்பது, கோயிலில் சிலுவைப் பாதை செய்வது ஆகிய நான்கும், அதே நிபந்தனைகளோடு, வருடத்தின் எந்த நாளிலும் பரிபூரணப் பலனுக்கு உரியவை. வீட்டுச் செபமாலையை நாங்கள் இப்போது அப்பாவுக்காக என்று சொல்லித் தொடங்குகிறோம். தம்பி குவைத்திலிருந்து போனில் சேர்ந்துகொள்வான்.

திருத்தந்தை விசேஷ அந்தஸ்து கொடுத்த கோயில்களான பசிலிக்காக்களுக்கும் ஒரு சலுகை உண்டு. பாதுகாவலரின் திருவிழா அன்றோ, வருடத்தில் நாமே தேர்ந்துகொள்ளும் ஒரு நாளிலோ போய், பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொன்னால் பரிபூரணப் பலன். நம் பக்கம் சாந்தோம், வேளாங்கண்ணி, பூண்டி, தூத்துக்குடி பனிமய மாதா என்று போகக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. பனிமய மாதா திருவிழா ஜூலை 26 இல் கொடியேறி ஆகஸ்ட் 5 அன்று நிறைவடையும். அன்றைய கூட்டத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு இடம் பிடிப்பது சிரமம். அதனால் ஜூலைக் கடைசியிலேயே எங்கள் பங்கில் அதை முடித்துவிட்டு, ஆகஸ்ட் 5 காலைப் பூசைக்கு முதல் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. டிபன் டப்பாவில் இட்லியும் மாத்திரையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.